ஓட்டத்துக்கு மட்டும் ஓய்வு

இந்தப் பருவத்தின் மாரத்தான் முடிந்ததும் ஓட்டத்தைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். செய்தியைக் கேட்ட நண்பர்கள் அனைவரும் முதலில் விசாரித்தது முழங்காலைப் பற்றித்தான். முழங்காலில் ஒன்றுமில்லை, குதிகாலிலும் இடுப்பிலும்கூட ஒன்றுமில்லை. அறுபதைக் கடந்த நெடுந்தூர ஓட்டக்காரர் வலி வரும்வரை காத்திராமல், உடல் நன்றாக இருக்கும்போதே தாமாகத் தேதி குறித்து நிறுத்த வேண்டும் என்று நம்புவதால்தான் நிறுத்தியிருக்கிறேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இதைச் செய்வது எளிதன்று. இருபத்தைந்து வயதில் விட்டதைப் பிடித்துவிடலாம், இந்த வயதில் ஒருமுறை இழந்தால் திரும்பாது என்னும் அச்சம் எங்களுக்குள் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அந்த அச்சத்தில் உண்மையும் உண்டு என்பதால் எதை இழக்கிறோம், எதை இழப்பதில்லை என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடுவது நல்லது. நெடுந்தூரப் பயிற்சியில் தேர்ந்தவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 84 நாள்கள் தொடர்ந்து அளந்தது. உடல் உச்சபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் 21 நாள்களில் சுமார் 7 விழுக்காடு குறைந்தது. 56 நாள்களில் சுமார் 16 விழுக்காடு குறைந்து, அதற்குக் கீழே போகாமல் நின்றுவிட்டது. ஆய்வில் பங்கேற்றவர்கள் இளைஞர்கள் என்பதை மறக்கக் கூடாது என்றாலும், சரிவு எந்த வரிசையில் நிகழ்கிறது என்பது எங்களுக்கும் பயன்படும் செய்தி.

முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அது குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. சில வாரங்கள் கழித்து முதல்நாள் ஓடும்போது மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பயிற்சியைத் தொடங்கியதும் முதலில் திரும்பி வருவதும் இதுதான். தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறனும் வாரக்கணக்கில் இறங்குகிறது. ஆனால் பல ஆண்டுகள் ஓடி ஓடித் தசை இழைகளைச் சுற்றி வளர்த்தெடுத்த நுண்ணிய இரத்தக் குழாய்களின் அடர்த்தி, அந்த ஆய்வில் 84 நாள்களுக்குப் பிறகும் குறையவில்லை. விரைவில் போவது விரைவில் வருகிறது, மெல்லச் சேர்ந்தது மெல்லத்தான் கரைகிறது என்பதை அறிந்தபோது என் மனத்தில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

ஓய்வின் பயன் நுரையீரலிலும் இதயத்திலும் அல்ல, தசைநாணிலும் எலும்பிலும் இருக்கிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசை ஒன்றிரண்டு நாள்களில் செய்துகொள்ளும் பழுதுபார்ப்புக்கு அது பல மடங்கு காலம் எடுத்துக்கொள்கிறது, வயது ஏற ஏற அந்தக் காலம் இன்னும் நீள்கிறது. எலும்பின் கணக்கு வேறு. ஓட்டத்தின் தாக்கத்தால் நைந்த பகுதியை உடல் முதலில் அரித்து அகற்றுகிறது, பிறகுதான் புதிய எலும்பைப் படியவைக்கிறது. அரித்தெடுக்கும் பணி சில வாரங்களில் முடிந்துவிடும்; புதிய எலும்பு படிந்து இறுகுவதற்கோ மாதங்கள் தேவை. இந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்து இருக்கும்போது, ஓடுபவர் எந்த வலியும் தெரியாமல் வாரத்தின் நீண்ட ஓட்டங்களைத் தொடர்ந்துகொண்டே இருந்தால், நுண்ணிய விரிசல்கள் ஒன்றுசேர்ந்து எலும்பு முறிவாக மாறக்கூடும். மாதவிடாய் நின்ற பெண் ஓட்டக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் எலும்பைக் காக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு எலும்பு அரிக்கப்படும் வேகத்துக்கு அது படியும் வேகம் ஈடுகொடுப்பதில்லை.

வலி இல்லாதபோது நிறுத்துவது ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இவ்வளவுதான்: இந்தத் திசுக்கள் முன்கூட்டிப் பேசுவதில்லை. மற்ற சில அறிகுறிகள் ஓரளவு முன்னறிவிக்கின்றன. காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் எண்ணும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடத் தொடர்ந்து உயர்ந்திருத்தல், களைப்பு மிகுந்தும் தூக்கம் கலைதல், பழகிய வேகமே பாரமாகத் தோன்றுதல், ஓடப்போவதை எண்ணும்போது ஆவலுக்குப் பதிலாகச் சலிப்பு எழுதல் ஆகியவற்றை நான் மதிக்கிறேன். (நெஞ்சில் அழுத்தம், மயக்கம், காரணமின்றி மூச்சுத் திணறல் ஆகியவை இந்தப் பட்டியலில் சேராதவை, அவை மருத்துவரிடம் அன்றே போக வேண்டியவை.) ஆனால் அறிகுறிகளுக்காகக் காத்திருப்பதைவிட, ஆண்டுக்கு ஒருமுறையாவது நாள்காட்டியில் குறித்து நிறுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓட்டத்தை நிறுத்தலாம், உடலின் அசைவை நிறுத்தக் கூடாது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். அந்த ஐவரையே 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டுகளின் மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்களின் உழைப்புத் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. பிறகு ஐம்பது வயதில் அவர்கள் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்தபோது, இருபது வயதில் ஆய்வு தொடங்குவதற்கு முன் இருந்த ஆக்சிஜன் திறனை மீண்டும் எட்டினார்கள் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதியவர்களின் நிலை இன்னும் கடுமையானது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள்கள் படுக்கையில் வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. இருதயத்தின் இழப்பை ஈடுகட்டுவதைக் காட்டிலும் எங்கள் வயதில் தசையின் இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

ஆகவே நான் இப்போது தினமும் விறுவிறுப்பாக நடக்கிறேன். வாரத்தில் சில நாள்கள் மிதிவண்டி ஓட்டுகிறேன். பாதங்கள் தரையில் மோதும் தாக்கம் இல்லாமலேயே இதயத்துக்கு வேலை கொடுக்க அது போதும், நீந்தத் தெரிந்தவர்களுக்கு நீச்சலும் போதும். எல்லாவற்றையும்விட எடைப் பயிற்சிக்கு இந்த வாரங்களில் முதலிடம் கொடுக்கிறேன். ஓட்டக்காலத்தில் களைத்த கால்களோடு அரைகுறையாகச் செய்து முடிக்கும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையும், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியையும் இப்போது நிதானமாக, முறையாக, சற்றுக் கூடுதல் எடையோடு செய்ய முடிகிறது. ஓடாத நாள்களில் பசி குறைவதால் பலர் சாப்பாட்டைச் சுருக்கும்போது புரதத்தையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறார்கள். முதிய தசைக்குப் புரதம் கூடுதலாகத் தேவை; சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை உண்பது பொதுவாகத் தரப்படும் அறிவுரை.

தொழில்முறை ஓட்டக்காரர்கள் இந்த ஓய்வைக் குறித்து எங்களைப் போல் குழம்புவதில்லை. 41 வயதில், 2016 ரியோ ஒலிம்பிக்கின் 5,000 மீட்டர் இறுதிப் போட்டியில் ஐந்தாவதாக வந்த பெர்னார்ட் லகாட், ஒவ்வோர் ஆண்டும் பருவம் முடிந்ததும் ஐந்து வாரங்கள் ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்திவிடுவதை வழக்கமாக வைத்திருந்தார். அந்த வாரங்களில் அவர் வேறு எந்த உடற்பயிற்சியும் செய்ததில்லை. அது அவருடைய வயதுக்குச் சரி, அறுபதுக்கு மேல் அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனடாவின் எட் விட்லாக் எங்களுக்கு நெருக்கமான உதாரணம். அவர் 73 வயதில், 2004-இல், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 நொடிகளில் ஓடினார். 85 வயதில், 2016-இல், 3 மணி 56 நிமிடம் 34 நொடிகளில் ஓடினார். இடைப்பட்ட ஆண்டுகளில் காயங்களால் நீண்ட காலம் ஓடாமல் இருக்க நேர்ந்ததுண்டு, ஆனாலும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திரும்பி வந்தார்.

உடலைவிட மனத்துக்குத்தான் இது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விடியலில் ஓடுகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் நாளின் மையம். மற்றவர்கள் ஓடும் காலடியோசை கேட்கும்போது மனம் தவிக்கிறது. எனினும் அந்தத் தவிப்பை நான் விரும்பி ஏற்கிறேன். பருவத்தின் கடைசி வாரங்களில் கடமையாக மாறிப்போன ஓட்டத்தின் மேல் மீண்டும் ஆசை பிறப்பதை ஒவ்வொரு காலையும் உணர முடிகிறது, அந்த ஆசையோடுதான் நான் திரும்பிப் போக விரும்புகிறேன்.

திரும்பும் முறையைப் பற்றியும் முடிவு செய்துவிட்டேன். முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். அதிலும் சில நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. பிளாஸ்மா பெருகியதும் மூச்சு சீராகி, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் தசைநாண்கள் இன்னும் ஓட்டத்தின் தாக்கத்துக்குப் பழகியிருக்காது என்பதால், தூரத்தை மூச்சைக் கேட்டு அல்ல, மறுநாள் காலையில் குதிகாலைத் தரையில் ஊன்றும்போது தெரியும் விறைப்பைக் கேட்டே கூட்டப்போகிறேன். பழைய வாரத் தூரத்தில் பாதியை எட்டி, அதில் சில வாரங்கள் நிலைத்த பிறகுதான் வேகப் பயிற்சியைத் தொடுவேன்.