கதை சொல்பவருக்குக் கூட்டத்தின் குரல் கேட்க வேண்டும்

சென்னையில் இலக்கிய விழாக்களுக்கு ஒலி அமைப்பது என் தொழில். கருத்தரங்கு, கவியரங்கம், நூல் வெளியீடு எதுவானாலும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான். மேசை மேல் நாலு மைக், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பாக்ஸ், பேசுகிறவர் தன் குரலைத் தானே கேட்க முன்னால் ஒரு மானிட்டர். ஆனால் எழுத்தாளர்கள் கையில் தாள் இல்லாமல் நின்று கதை சொல்லும் மாலைக்கு இது ஒத்துவராது.

ஜனவரி இங்கே புத்தக மாதம். 1977-இல் தொடங்கிய புத்தகக் காட்சி ஒரு பக்கம் நடக்க, அதையொட்டி ஊரெங்கும் விழாக்கள். அப்படி ஒன்றில், அடையாறு பக்கம் ஒரு திறந்தவெளி மேடையில் கதை சொல்லும் மாலை. முதலில் வந்த இளைஞர் தன் கதையை கைப்பேசியைப் பார்த்து வாசித்தார். நல்ல கதை, அச்சில் படித்தால் எனக்கு மிகவும் பிடித்திருக்கும். ஆனால் தலை குனிந்ததும் குரல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் மைக் கீச்சிடும், ஏற்றாவிட்டால் பின்வரிசைக்குக் கேட்காது. அதோடு எழுத்துத் தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். நீளமான வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பதற்குக் கேட்கிறவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாயால் சொல்கிறவர்கள் ‘வந்தான் பாருங்க, ராத்திரி ஒரு மணிக்கு’ என்று வினையை முன்னால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கூட்டம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு எழுத்தாளர். பருத்திப் புடவை, காலர் மைக் குத்தினால் சரசரக்கும் என்று ஹேண்ட் மைக்கே கொடுத்தேன். இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, என் குரல் எனக்கே திரும்பி வருதுப்பா. அதை நிறுத்திடு. அவங்க குரல்தான் எனக்குக் கேக்கணும்.”

“சரிம்மா” என்று மானிட்டரை அணைத்தேன். “அந்த லைட்டையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு, ஒரு முகமும் தெரியல” என்றார். லைட் போடும் அண்ணனிடம் சொல்லி மேடை விளக்கைத் தணித்து, பார்வையாளர் பக்கம் பாதி வெளிச்சம் வைத்தோம்.

மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது கிணற்றை மூடிய கதையைச் சொன்னார். நடுவில் நிறுத்தி, “உங்க வீட்டுக் கிணறு என்ன ஆச்சு?” என்று கேட்டார். முன்வரிசையில் ஒரு பெரியவர், “போர் போட்டோம்மா, கிணத்துல குப்பையக் கொட்டி மூடிட்டோம்” என்றார். அந்தக் குப்பையும் கதைக்குள் போய்விட்டது. கதையில் வரும் பாட்டி கடைசியாக ஒரு முறை வாளியை இறக்குகிறாள். அங்கே எழுத்தாளர் பேச்சை நிறுத்தினார். தூரத்தில் பறக்கும் ரயில் போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சத்தம் ஓய்ந்தால் மைக்கைத் தானாகவே அடைக்கும் கேட் என்ற வசதி, எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து கட்டுப்படுத்தும் மிக்ஸரில் உண்டு. கதை சொல்லலுக்கு நான் அதைப் போடவே மாட்டேன். அது மௌனத்துக்கு முன் இழுக்கும் மூச்சையும் மௌனத்துக்குப் பின் வரும் முதல் எழுத்தையும் வெட்டிவிடும். கதையில் பாதி அந்த மூச்சில்தான் இருக்கிறது.

வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். 2022-இல் சென்னையில் மறைந்த சுப்பு ஆறுமுகம் போன்றவர்களின் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். பின்பாட்டுக்காரர்கள் போடும் ‘ஆமா’ இல்லாமல் கதை ஓர் அடி நகராது. எழுத்தாளர் மேடையில் தனியாக நிற்கிறார், பின்பாட்டுக்கு ஆள் இல்லை. அந்த ‘ஆமா’வைக் கூட்டம்தான் போட வேண்டும், அது அவர் காதில் விழுவதற்கு வழி செய்வது என் பொறுப்பு.

கூட்டம் ஒன்றாகச் சிரிக்க வேண்டுமானால் எல்லோருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி பின்வரிசைக்காக இன்னொரு ஜோடி பாக்ஸ் வைத்தால், மேடைப் பாக்ஸின் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப அதைக் கிட்டத்தட்ட 58 மில்லி செகண்ட் தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அங்கே சொற்கள் இரட்டித்துக் குழம்பும், சிரிப்பும் துண்டு துண்டாக எழும்.

பதிவிலும் இதே கதைதான். மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தால் குரல் சுத்தமாக இருக்கும், ஆனால் வெறும் அறையில் பேசியது போல இருக்கும். அதனால் மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைக்கிறேன். அவை பதிவுக்கு மட்டும், பாக்ஸுக்குப் போகாது. அந்தப் பெரியவரின் பதிலும், அதற்குப் பின் எழுந்த ‘அட’வும் அதில்தான் கிடைத்தன.

அடுத்த முறைக்கு அமைப்பாளர்களிடம் சில விஷயங்கள் கேட்டிருக்கிறேன். சவுண்ட் செக்குக்குக் கதை சொல்பவரே வர வேண்டும், உதவியாளர் வந்து ‘ஒன், டூ, த்ரீ’ சொன்னால் போதாது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பத்து நிமிடமாவது வேண்டும். அப்புறம், விருந்தினர்களுக்கான சோபாக்களை ஓரமாகப் போட்டுவிட்டு, மேடையை ஒட்டிப் பாய் விரிக்க வேண்டும். பாய்க்குச் சரி என்றுவிட்டார்கள். சோபாவைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.