மகளின் கால்நோவும் 24 கேள்விகளும்

போன மார்கழி மழைக்குள்ள, ரியூசன் முடிந்து வரும்போது மகள் (11 வயது) சைக்கிளோடு சறுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கட்டுப் போட்டார்கள், வீக்கமும் வத்தியது. நோவு மட்டும் போகவேயில்லை. மூன்று மாதம் கடந்தால் அதை நாட்பட்ட நோவு என்று சொல்வார்களாம், எங்களுக்கு அப்போதே ஐந்து மாதமாகிவிட்டிருந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி எத்தனை தரம் மட்டக்களப்புக்கு அலைந்திருப்போம், போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: பத்துக்கு எத்தனை நோகுது? அவள் ஆறு என்பாள். கிளினிக் கொப்பி முழுக்க ஆறுதான். ஓர் இடத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகப் பஞ்சி என்று அவள் முன்னாலேயே சொன்னார்கள். அன்று பஸ்ஸில் அவள் அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது.

பிறகுதான் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவ நோவைப் பற்றி அதிகம் கேட்கவில்லை, நோவு வரும் என்ற பயத்தைத்தான் அளக்கப்போவதாகச் சொன்னா. அமெரிக்காவில் லோரா சைமன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2011 இல் வெளியிட்ட வினாக்கொத்து அது, நாட்பட்ட நோவுள்ள பிள்ளைகளுக்கென்றே செய்தது. 24 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆகக்கூடியது 96, எண் கூடினால் பயமும் கூட என்று அர்த்தம். ஒரு பகுதி பயத்தைக் கேட்கும், மற்றது நோவுக்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டாய் என்று கேட்கும்.

முதல் தரம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிழை விட்டோம். தகப்பன் பக்கத்தில் இருக்க நிரப்பினாள், 22 வந்தது. "எனக்கொண்டும் பயமில்ல" என்றாள், தகப்பன் முன்னால் வேறென்ன சொல்வாள். அடுத்த கிழமை ஆலோசகர் எங்களை வெளியே இருத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் கேட்டா. பயம் என்ற சொல்லோடு நிற்காமல், நெஞ்சு பதறுமா, முதல் நாளே யோசனை வருமா என்றும் கேட்டாவாம். 58 வந்தது! அதிலும் தவிர்க்கிற பகுதிதான் கூட. தமிழில் தானே சொல்லிக் கேட்டதால் வேறு பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம், இவளை இவளோடுதான் ஒப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னா. அது எனக்குப் பிடித்திருந்தது.

பெற்றோருக்கும் தனித்தாள் உண்டு. பிள்ளையின் நோவை நினைத்து நமக்கு எவ்வளவு பயம் என்று அது கேட்கும். நான் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 3, 4 போட்டிருந்தேன். படியில் ஏறாத, ஓடாத, சாக்கு விரித்திருக்கு அதில் இரு என்று நாள் முழுக்க நான் சொன்னதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோகும் என்று பயந்து அசையாமல் இருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், அப்புறம் கொஞ்சம் அசைத்தாலும் நோகும், அந்த நோவு பயத்தை இன்னும் கூட்டும் என்று ஆலோசகர் படம் கீறிக் காட்டினா. நோவு பொய் என்று அவ ஒருபோதும் சொல்லவில்லை. மகள் அவவை நம்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு சின்னச் சின்ன அட்டைகளில் அன்றாடம் செய்கிற காரியங்களை எழுதி, பத்துக்கு எவ்வளவு பயம் என்று மகளையே அடுக்கச் சொன்னார்கள். காலைக்கூட்டத்தில் நிற்பது 3. மாடிப்படி 5. எல்லே விளையாடுவது 8. மண்முனைப் பாலத்தில் சைக்கிள் 10. கீழிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கினோம், பிசியோதெரபியும் கூடவே நடந்தது. எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று, "நோகுதா மகள்?" என்று கேட்காமல் இருப்பது. சத்தியமாக அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், முதல் கிழமை வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய் நின்றேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அதே 24 கேள்வி, அதே முறை, நாங்கள் வெளியே. 33. நோவு எத்தனை என்று கேட்டதற்கு இன்னும் ஐந்து என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் போன கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் போனாள், நேற்றுப் பின்னேரம் பாலத்தின் பாதிவரை சைக்கிளில் போய்த் திரும்பி வந்தாள், நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.