மஞ்சக்குப்பத்துப் பழைய வீடு: மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை செய்த வேலைகள்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம், கடலுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடு. 1980களில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த மொட்டை மாடி, சிவப்பு ஆக்சைடு தரை, தேக்கு ஜன்னல். மனை ஆறு சென்ட்; அதில் பாதி புதர். கணவன் மனைவி இருவருமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தது பாதி வேலை, கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் வந்து செய்தது மீதி.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய வீட்டில் பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை தப்புவதால். நாங்கள் எடுத்துக்கொண்டது: தோட்டம், மொட்டை மாடி, சுவர் ஓதம் (மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்), வயரிங், தரை, ஜன்னல், கடைசியில் வெள்ளை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாமே முடிந்திருக்க வேண்டும். சுவர் காய்வதற்குச் சித்திரை, வைகாசி வெயிலை விட்டால் வேறு நேரம் கிடையாது.

மார்ச்: புதரும் மண் மட்டமும்

புதரை வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வெளியே நோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் பாம்பும் கீரியும் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். விழுந்து கிடக்கும் தென்னை மட்டை, உடைந்த செங்கல் குவியல் எதையும் கையால் தூக்கக் கூடாது. தொரட்டியை அந்தப் பக்க ஓரத்தில் மாட்டி நம் பக்கம் இழுத்துக் கவிழ்த்தால், குவியல் திறப்பது நமக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும். உள்ளே இருப்பது அந்த வழியாக ஓடிவிடும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம். நல்ல பாம்போ விரியனோ தென்பட்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள்.

சீமைக்கருவேலத்தைத் தரை மட்டத்தில் வெட்டுவது அதற்குக் கவாத்து செய்வது மாதிரி. ஒரு தண்டு போய் ஆறு தண்டு வரும். துளிர் கிளம்பும் இடம் மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் முடிச்சில் இருக்கிறது. சுற்றி ஒரு அடி தோண்டி, அந்த முடிச்சுக்குக் கீழே கடப்பாரையால் நெம்பி எடுத்தால் திரும்ப வருவதில்லை. எடுத்த ஏழு மரத்தில் ஒன்று மட்டும் ஜூலையில் துளிர்த்தது. அங்கே முடிச்சின் பாதி மண்ணிலேயே நின்றுவிட்டிருந்தது.

கோரை வேறு ரகம். மண்வெட்டியால் கொத்தினால் கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். ஒரு பாத்தியில் கறுப்பு பாலிதீன் விரித்துப் பார்த்தோம். பத்தாம் நாள் ஊசி ஊசியாக ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே நின்றது. கோரையின் முளை நுனி அவ்வளவு கூர்மை. பலன் கொடுத்தவை இரண்டு. ஒன்று, ஏப்ரல் கடைசியில் ஆறு அங்குல ஆழத்துக்குப் புரட்டிப் போட்டு, தண்ணீரே காட்டாமல் கத்திரி வெயில் முழுக்கக் காயவிட்டது. கிழங்கில் பெரும்பாலானவை அந்த ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன; நன்றாகக் காய்ந்து சுருங்கினால் செத்துவிடும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் மறுபடி புரட்ட வேண்டும். இன்னொன்று நிழல். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு மடிப்பாக விரித்து, மேலே அரை அடி தென்னை மட்டைத் தூள், ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி. கோரை நிழலைத் தாங்காது. கொடி படர்ந்த இடத்தில் செப்டம்பரில் தேடித்தான் கோரையைப் பார்க்க முடிந்தது.

புதர் போன பிறகு தெரிந்தது பெரிய விஷயம்: பின்பக்கம் மண் ஏறியிருந்தது. முன்பக்கம் இரண்டு அடி தெரிகிற பேஸ்மட்டம் அங்கே அரை அடிதான். வருஷக் கணக்காகச் சருகும் இடிபாடும் சுவரோரம் கொட்டியதன் விளைவு. ஈரமண் நேராகச் செங்கலைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே எந்தப் பெயிண்டும் நிற்காது. சுவரைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்கு மண்ணை வாரி, பழைய தரை மட்டம் வந்ததும் நிறுத்தினோம். அதற்குக் கீழே தோண்டினால் அஸ்திவாரத்தின் பிடிமானம் போகும். தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பிடித்து, சுவரிலிருந்து வெளியே நான்கு அடிக்கு ஒரு அங்குலம் சாய்வு கொடுத்தோம்.

மழைநீருக்கு ஆறடி ஆழ உறிஞ்சு குழி வெட்டலாம் என்றார் மேஸ்திரி. வெட்டவில்லை. உறைகிணற்றில் பாசிக்கோடு தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அங்கே வரை ஏறுகிறது என்று அர்த்தம். நவம்பரில் ஆறடிக் குழிக்குள் நம் தண்ணீர் இறங்காது, நிலத்தின் தண்ணீர் ஏறி நிற்கும். அதனால் ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழம், பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி உடைத்த செங்கல்லால் நிரப்பினோம். கடலோரத்தில் குழியின் ஆழத்தைக் கிணறு சொல்ல வேண்டும்.

தென்னை இரண்டு. குருத்தைச் சுத்தம் செய்து, காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உள்ளே இருக்கும் மூன்று மட்டை இடுக்கில் போட்டோம். முருங்கையை நான்கு அடியில் வெட்டியாயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயலைப் பார்த்த ஊரில், வீட்டை ஒட்டி உயரமான முருங்கையை விட்டுவைக்கத் தேவையில்லை.

ஏப்ரல்: மொட்டை மாடி

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது. தட்டோட்டுக்குக் கீழே மூன்று நான்கு அங்குலச் செங்கல் ஜல்லி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஒரு மூலையில் நுழைந்தது இன்னொரு மூலையில் சொட்டும். முதலில் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விட்டு, கீழே ஈரம் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்தோம். அதற்கு மேல் உயரம் தேக்குவது பழைய தளத்துக்கு நல்லதல்ல. தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு எங்கே குட்டையாக நிற்கிறதோ அங்கே சாய்வு போதவில்லை. பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும்.

ஒவ்வொரு தட்டோட்டையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக் கேட்டோம். கணீர் என்றால் பிடித்திருக்கிறது, பொத்தென்றால் பெயர்ந்திருக்கிறது. 43 ஓடு மாற்றினோம். மீதி ஓடுகளின் சந்துகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, சிமெண்ட் ஒன்று, சலித்த மணல் மூன்று, கொஞ்சம் வாட்டர்ப்ரூஃப் திரவம், நிறத்துக்குச் சிவப்பு ஆக்சைடு கலந்து நிரப்பினோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சுற்றிலும் மூன்று அங்குலச் சாய்வுப் பூச்சு. மூன்று இடத்தில் அரசங்கன்று இருந்தது. மேலே கிள்ளினால் போதாது. வேர் போன வழியே ஓட்டைப் பெயர்த்து, முழு வேரையும் உருவி எடுத்த பிறகுதான் மூட வேண்டும்.

இங்கே நடந்த தப்பு ஒன்று. வடக்குப் பக்கத்துக்கு, தண்ணீர் கட்டிப் பார்த்த நான்காம் நாளே வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்தோம். ஜல்லிக்குள் இருந்த தண்ணீர் மேலே போக வழியில்லாமல் மூன்று வாரம் கீழே சொட்டியது; பெயிண்ட்டும் கொப்புளம் விட்டது. தண்ணீர் கட்டினால் இருபது நாள் வெயில் காய்ந்த பிறகே மேல்பூச்சு.

உள்கூரையிலும் சன்ஷேடிலும் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்த இடங்கள் ஒன்பது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; கான்கிரீட்டைப் பிளப்பது அந்த அழுத்தம். கடல் காற்றில் வரும் உப்பும், கம்பிக்குக் கீழே விட்ட மெல்லிய மூடலும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். தொங்குவதை மட்டும் தட்டிவிட்டுப் பூசினால் இரண்டு வருஷம்கூட நிற்காது. முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பி பளபளக்கும் வரை பிரஷ் போட்டு, துரு மாற்றும் திரவம், ஜிங்க் ப்ரைமர், பிறகு லேட்டக்ஸ் கலந்த கலவையை ஒரு தடவைக்கு அரை அங்குலமாக அப்ப வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் இளைத்திருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிக் கூடுதல் கம்பி கட்ட வேண்டும். எங்களுக்கு ஒரு சன்ஷேடில் அப்படி ஆனது.

மே முதல் ஜூலை: ஓதம்

கூடத்துச் சுவர் நான்கு அடி உயரம் வரை உப்பு பொரிந்து, பட்டி (பெயிண்டுக்கு அடியில் பூசும் மாவுப் பூச்சு) அப்பளம் மாதிரி உரிந்து நின்றது. ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றின் ஈரமா என்று பார்க்க, இரண்டு அடிச் சதுர பாலிதீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டோம். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தது. சுவர்தான்.

“சிமெண்ட் வச்சுப் பூசிட்டா கல்லு மாதிரி நிக்கும் சார்” என்று எல்லா மேஸ்திரியும் சொல்வார்கள். கல் மாதிரி நிற்பதே சிக்கல். மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் சிமெண்ட் பூச்சு முடியும் உயரம் வரை ஏறி, அதற்கு மேலே உப்பைக் கக்குகிறது. முன்பு யாரோ மூன்று அடிக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதம் நான்கு அடிக்குப் போனதற்கு அதுவே காரணம்.

ஓதக் கோட்டுக்கு ஒரு அடி மேலே வரை பூச்சை உடைத்துச் செங்கலைத் திறந்தோம். சந்துகளை முக்கால் அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷால் உப்பைத் துடைத்து, உதிர்ந்ததை முறத்தில் வாரி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து செங்கலுக்குள்ளேயே போய்விடும்.

அதன் பிறகு காகிதக்கூழ். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவு ஊறவைத்து, கையால் பிசைந்து, ஒரு அங்குலக் கனத்துக்குச் செங்கல்மேல் அப்பினோம். எட்டு பத்து நாளில் காய்ந்து ஓரம் சுருண்டு தானாகவே கழன்று விழும். திருப்பிப் பார்த்தால் சுவரைத் தொட்ட பக்கம் முழுக்க வெள்ளை மயிர் மாதிரி உப்பு ஊசிகள் நிற்கும், ஊதினால் பறக்கும். முதல் தடவை அடர்த்தியாக வந்தது, இரண்டாம் தடவை பாதி, மூன்றாம் தடவை அங்கங்கே மட்டும். கூழுக்கும் பிறகு கலவைக்கும் கிணற்றுத் தண்ணீர் எடுக்கவில்லை. அது உவர், எடுத்த உப்பை நாமே திரும்பக் கொடுத்த மாதிரி ஆகும்.

தண்ணீர் ஏறுவதை நிறுத்த, தரைக்கு ஆறு அங்குலம் மேலே ஒரே கலவைச் சந்து வரிசையில் 12 மில்லிமீட்டர் துளைகள், ஐந்து அங்குலத்துக்கு ஒன்று, எட்டு அங்குல ஆழம். தூசியை ஊதிவிட்டு, தண்ணீரை ஏறவிடாமல் தடுக்கும் சிலேன் க்ரீமைத் துப்பாக்கியால் அடிவரை நிரப்பினோம். துளை செங்கலில் விழாமல் சந்தில் விழ வேண்டும். க்ரீம் பரவுவது கலவை வழியாக.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும்; கண்ணாடி போடாமல் கிட்டே போகக் கூடாது. மூன்று வாரம் நீருக்கடியில் ஊறிய பிறகு சலித்து, ஒன்றுக்கு மூன்று கழுவிய மணல், கலக்கக் கடுக்காய் ஊறிய தண்ணீர். முதல் பூச்சு அரை அங்குலம், ஏழு நாள் விட்டு இரண்டாவது கால் அங்குலம். ஜூன் மாத மேல்காற்றில் கூடத்துச் சுவர் ஒரே மத்தியானத்தில் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டது. நனைத்து மணியாஸ் கட்டையால் வட்டமாகத் தேய்த்ததும் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தி, ஈரக் கோணியைத் தொங்கவிட்டே பூசினோம்.

ஆகஸ்ட், செப்டம்பர்

மரச்சட்ட வயரிங்கை முழுக்க எடுத்தாயிற்று. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. உப்பு மண்ணில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் செம்பு பூசிய தண்டு, சுற்றிலும் ஈரம் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் தூள்.

சிவப்புத் தரையை உடைத்து டைல்ஸ் போடச் சொன்னவர்கள் நிறைய. இந்தத் தரை நாற்பது வருஷம் தாங்கியிருக்கிறது, மாற்ற மனசில்லை. ஆசிட் ஊற்றக் கூடாது, மேல் மினுக்கை அரித்து வெளிறச் செய்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய ஸ்டீல் உல்லும் போதும். வெடிப்பை வி வடிவில் கொத்தி, பத்து பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு ஆக்சைடு. அதற்கு மேல் நிறம் சேர்த்தால் பலம் குறையும். ஈரத்தில் தெரியும் நிறம் பொய். ஐந்து விதமாகக் கலந்து ஓட்டுத் துண்டில் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, பிறகே தேர்ந்தெடுத்தோம். அப்படியும் ஒட்டு தெரிகிறது. தேங்காய் எண்ணெய் தேய்க்கத் தேய்க்கக் குறைகிறது.

ஜன்னலில் பழைய எனாமல் ஆறு அடுக்கு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்தே உப்புத்தாள் போட்டோம். இரும்பு ஸ்குரூ எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்றியாயிற்று. சுவருக்கு உள்ளே மூன்று கை சுண்ணாம்பு வெள்ளை; பட்டி கிடையாது.

அக்டோபர்

முதல் பெருமழையில் வாய்க்கால் நிரம்பி ஒரு மணி நேரத்தில் வடிந்தது. உள்கூரை காய்ந்தே இருக்கிறது. கூடத்துச் சுவரிலும் ஓதம் இல்லை. குளியலறையை ஒட்டிய பின்சுவரில் மட்டும் ஒன்பது அங்குலத்துக்கு ஈரம் தெரிகிறது. க்ரீம் போட்ட வரிசைக்கு மேலே ஆரம்பிப்பதால் அது மண்ணிலிருந்து வருவதல்ல, சுவருக்குள் புதைத்த பழைய ஜிஐ தண்ணீர்க் குழாய். இப்போது அந்த லைனை அடைத்துவிட்டு வெளியே சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் இழுத்திருக்கிறோம். சுவரை உடைப்பது அடுத்த சித்திரையில்.