மூன்றரை சென்டிமீட்டர் சாய்ந்த பிக்கப்

வண்டி 2007 மாடல் மஹிந்திரா பிக்கப், டீசல். இலவம்பாடிக் கத்திரிக்காயை வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக நைனா பழசில் வாங்கியது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முள்ளு கத்திரிக்காய்தான். குறியீடு வந்ததும் காய்க்கு மரியாதை கூடியது, வண்டி மட்டும் வருஷா வருஷம் முன்னால் வலது பக்கமாகக் குனிந்துகொண்டே போனது. டிரைவர் உட்காரும் பக்கம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நைனாவும் சீட்டுக்கு வலது பக்கம் ஒரு கோணியை மடித்துச் செருகி, தான் நிமிர்ந்து உட்கார வழி பண்ணிக்கொண்டார்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாக வாங்கி மாட்டினேன். 3,200 ரூபாய். ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பவில்லை. எப்படி எழும்பும்? இந்த வண்டியில் முன்னாலும் பட்டைதான், அதாவது வளைந்த தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். எடையைத் தாங்குவது பட்டை. ஷாக் செய்வது பட்டை ஆடுவதை அடக்குவது மட்டும். இது தெரிந்தே வாங்கினேன் என்பதுதான் கொடுமை. ஷாக்கைக் கழற்ற இரண்டு போல்ட் போதும், பட்டையில் கை வைக்கப் பயமாக இருந்தது.

இந்த முறை அளந்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவது என்று முடிவு. நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்றைச் சமமாக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன். இடது 49, வலது 45.5. களத்தின் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வாங்கிவந்து பார்த்தால், மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று களத்தையே ஒரு சென்டிமீட்டர் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்தேன். அதே மூன்றரைதான் வந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் அளப்பதால் களத்துச் சரிவு பெரிதாகக் குழப்பவில்லை.

அப்புறம் ஒரு சோதனை. பின்பக்கப் பட்டை ஒன்று தளர்ந்தாலும் முன்னாலும் அதே பக்கம் சாய்ந்ததுபோல் காட்டும். அதனால் பின் அச்சின் நடுவில், டிஃபரன்ஷியல் குண்டுக்கு அடியில், ஜாக்கி வைத்து இரண்டு பின்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கினேன். பின்பக்கம் இப்போது ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, முன்பக்கத்தைச் சாய்க்க அதற்கு வலு இல்லை. முன்பக்கச் சாய்வு அப்படியே இருந்தது. சரி, நோய் முன்னால்தான்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் சிமென்ட் தரையில் முதுகு வைக்க முடியாது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் அணைப்பு, சேஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு, அச்சுக்கு அடியில் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டேன், யார் கேலி செய்தாலும் சரி. அச்சைத் தொங்கவிட்டால் பிரேக் ஓஸ் இழுபடும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டியிருந்தது.

பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் நட்டுகளில் முந்தின நாளே டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தேன். நான்கில் இரண்டு கழன்றன. மூன்றாவது, ஒன்றரை அடி இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி அழுத்தியதும் மரை மழுங்கிச் சுற்ற ஆரம்பித்தது. கிரைண்டரால் அறுத்தேன். யூ போல்ட்டை எப்படியும் திரும்பப் போடக்கூடாது, ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டுபோயிருக்கும். அதனால் வருத்தமில்லை. வருத்தம் ஷாக்கிளில் வந்தது, பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைத்து ஆடும் துண்டு அது. அதிலுள்ள ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் துருவேறி ஒரே கட்டியாகிவிட்டது. சம்மட்டிக்கும் அசையவில்லை. கடைசியில் ரப்பரைத் தீயில் எரித்துத்தான் எடுத்தேன். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார், சாயங்காலம் வரை பேசவில்லை.

ஷாக்கிள் எதற்கு என்று இங்கேதான் பிடிபட்டது. பாரம் ஏறும்போது பட்டை தட்டையாகும், தட்டையானால் கண்ணுக்குக் கண், அதாவது முனை வளையத்துக்கு வளையம், நீளம் கூடும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள் ஆடுகிறது. அது இறுகிப்போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை முறுக்கிக்கொண்டு சாகும்.

பட்டையைக் கீழே இறக்கிக் கவிழ்த்து, ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குச் சணல் கட்டி, நடுவில் ஆழம் அளந்தேன். ஆறரை சென்டிமீட்டர். இடது பக்கத்தையும் இறக்கி அளந்தபோது பதினொன்று. தகடுகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் தகடுகள் தனித்தனியே விழுந்தன. மேலிருந்து மூன்றாவது தகடு, சென்டர் போல்ட் ஓட்டையின் குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்த பழைய துரு, ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பளபளப்பு. விரிசல் விட்டு வெகுநாளாகி, சமீபத்தில்தான் முழுசாக முறிந்திருக்கிறது. யூ போல்ட் பிடிக்குள் இருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பிரிங் பட்டறைக்கு இரண்டு செட்டையும் கொண்டுபோனேன். பாய் உடைந்த தகட்டைத் திருப்பிப் பார்த்த உடனே, "இன்னா தம்பி, யூ போல்ட்ட லூசாவே வுட்டு ஓட்னீங்களா?" என்றார். பிடி தளர்ந்தால் நடுவில் தகடு வளைய ஆரம்பிக்கும், ஓட்டைதான் அங்கே பலவீனமான இடம்.

கூட ஒரு தகடு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டேன். பாய் சிரித்தார். "லாரிக்கு வெச்சுக்கோங்க. காலி வண்டில போனா பல்லு ஆடும்." அவர் சொன்னது கணக்குக்கும் ஒத்துப்போகிறது. உடையாமல் தளர்ந்த பட்டையின் விறைப்பு குறைவதில்லை, தகட்டின் தடிமன் மாறாதவரை அது அப்படியேதான் இருக்கும். போனது வளைவு மட்டும். வளைவு போனதற்காகத் தகடு சேர்த்தால் உயரத்தோடு விறைப்பும் ஏறும். தடிமனில் கைவைப்பது இன்னும் மோசம்: இரண்டு மடங்கு தடித்த தகடு எட்டு மடங்கு விறைப்பு.

பச்சையாகச் சம்மட்டியால் அடித்து வளைத்தால் சீக்கிரமே உட்கார்ந்துவிடும், உலையில் வைத்துச் செய்தால் நிற்கும் என்றார். உலையே கேட்டேன். சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வளைவு வரைந்து, சிவக்கக் காய்ச்சிய தகட்டை அதற்குப் பொருந்த வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுத்தார். அந்தக் கடைசிச் சூடு இல்லையென்றால் தகடு கண்ணாடி மாதிரி உடையுமாம். வலதோடு சேர்த்து இடதையும் அதே வளைவுக்குக் கொண்டுவந்தார். புதுத் தகடு ஒன்று, புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் சேர்த்து 6,400 ஆனது.

மாட்டுவதில் ஒரு தப்பு செய்தேன். சக்கரம் தொங்கும்போதே ஷாக்கிள் போல்ட்டை இறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டி இறங்கியதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். பாய்க்கு போன் செய்து திட்டு வாங்கியபின், தளர்த்தி, வண்டியை இறக்கி, எடை உட்கார்ந்தபின் இறுக்கினேன். யூ போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக.

இறக்கியதும் வலது 50.5, இடது 50. ஸ்டியரிங் மட்டும் கோணலாக நின்றது. உயரம் மாறியதால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் குழாய் இழுத்திருக்கிறது. கிளாம்பைத் தளர்த்திக் குழாயை ஒன்றரைச் சுற்றுத் திருப்பியதும் நேராயிற்று, டோ அளவை, அதாவது முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவை, மட்டும் அலைன்மென்ட் கடையில் பார்த்தேன். மூன்று லோடு அடித்தபின் யூ போல்ட் நட்டு ஒவ்வொன்றும் இன்னும் கால் சுற்று ஏறியது. உயரம் வலது 49.5, இடது 49.3.

நான்காவது லோடு போய்வந்த அன்று நைனா சாவியை வைத்துவிட்டுச் சொன்னார்: "டேய், இப்ப வண்டி இடது பக்கம் சாயுதுடா."

எனக்கு வயிறு கலங்கியது. டேப், தண்ணீர் டியூப், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினேன். அளவு அப்படியே இருந்தது. ஒருவேளை ஓட்டும்போது மட்டும் தெரிகிறதோ என்று நானே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். உண்மைதான், உடம்பு இடது பக்கம் சரிந்தது. கையை விட்டு அந்தக் கோணியை வெளியே இழுத்தேன்.