மூன்று கம்பி, ஒரு மணல் குழி: ஆம்ஸ்டர்டாமிலிருந்து அம்மாபேட்டைக்கு

சேலத்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபோகும் குடும்பம் முதல் வாரமே கேட்கும் கேள்வி, "பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக இங்க பார்க் எங்க இருக்கு?" ஏற்காடு அண்ணா பூங்கா மாதிரி சுற்றுச்சுவர், கேட், நுழைவுச்சீட்டு என்று தேடுவார்கள். வீட்டெதிரே நட்டிருக்கும் மூன்று இரும்புக் கம்பிகளை, யாரோ பாதியில் விட்டுப்போன கைப்பிடி என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். அந்தக் கம்பிதான் பார்க். டாய்கெல்ரெக் என்பார்கள், பிள்ளைகள் அதில் வயிற்றைச் சாய்த்துக் குட்டிக்கரணம் போடுவார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1947-ல் பெர்டெல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில், மாநகராட்சியின் பொதுப்பணித் துறையில் இருந்த கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் ஒரு விளையாட்டிடம் அமைத்தார். அகலமான கான்கிரீட் விளிம்போடு ஒரு மணல் குழி, குட்டிக்கரணக் கம்பிகள், பெஞ்சுகள், அவ்வளவே. 1978-க்குள் நகரம் முழுக்க 700-க்கும் மேல் ஆகிவிட்டன. இரண்டாம் உலகப் போரில் வீடுகள் அழிந்து காலியாகக் கிடந்த மனைகள்கூட விளையாட்டிடங்கள் ஆயின. யானை, டைனோசர் எதுவும் அவற்றில் கிடையாது. மணல் குழியின் விளிம்பு அம்மாவுக்குத் திண்ணை, பிள்ளைக்குக் கடை, கொஞ்சம் பெரியவனுக்கு மேடை. திண்ணையில் வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல; ரப்பர் தரையும் பிளாஸ்டிக் சறுக்கும்தான் விளையாட்டு என்று நம்பத் தொடங்கிய பிறகுதான் மறந்துபோனது.

புதிதாகப் போனவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. நீலப் பலகையில் வீடும் பிள்ளையும் வரைந்திருந்தால் அது வோன்எர்ஃப் தெரு. 1976-லிருந்து சட்டத்தில் உள்ளது. தெருவின் முழு அகலத்திலும் பிள்ளைகள் விளையாடலாம், வண்டி 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பலகை முடிந்த இடத்தோடு இந்த உரிமையும் முடிந்தது. பிள்ளைக்கு எல்லையைக் காட்டிக் கொடுங்கள். இரண்டாவது, கால்வாய். விளையாட்டிடத்தின் பக்கத்திலேயே ஓடும், பல இடங்களில் தடுப்பு இருக்காது. அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கி ஏ, பி, சி என்று சான்றிதழ் வாங்குவது வழக்கம். ஏ-யாவது வாங்கும் வரை கையை விடாதீர்கள்.

விடுமுறைக்குச் சேலம் அம்மாபேட்டைக்கு வரும்போது அடுத்த பேச்சு கிளம்பும்: "நம்ம தெருவுலயும் இப்படி ஒண்ணு வெச்சா என்ன?" வைக்கலாம். முதலில் வார்டு அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். குழி தோண்டும் இடத்தில் குடிநீர்க் குழாயோ பாதாளச் சாக்கடையோ போகிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

கம்பியில்தான் தப்பு அதிகம் நடக்கும். பிடிகம்பியின் வெளிவிட்டம் 16 முதல் 45 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறது விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பாவின் ஈ.என். 1176 தரவிதி. ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. பைப்பின் அளவுப் பெயர் வேறு, வெளிவிட்டம் வேறு. 'ஒரு இன்ச்' பைப்பின் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர், பிள்ளையின் கைக்கு அடங்கும். 'கெட்டியா இருக்கட்டும்' என்று ஒன்றரை இன்ச் வாங்கினால் 48.3, விரல் சுற்றி வராது, வழுக்கும். குறுக்குக் கம்பி சுழலாமல் வெல்டிங் வையுங்கள். பைப்பின் வாயை மூடி வெல்டு செய்யாவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளிருந்து துரு ஏறும், குளவியும் கூடு கட்டும். கால்களைப் பிடிக்கும் கான்கிரீட்டின் தலை, விளையாடும் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். மேலே தெரிந்தால் விழுகிற தலை அதில்தான் மோதும்.

கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர் காலி விடுங்கள். 1.2 மீட்டர் நீளக் கம்பிக்கு 4.2-க்கு 3 மீட்டர் ஆகிறது. அங்கே 30 சென்டிமீட்டர் மணல் நிரப்பவேண்டும்: 20 விழுவதைத் தாங்க, 10 சிதறிப்போவதை ஈடுகட்ட. கணக்குப் போட்டால் 133 கன அடி. யூனிட் 100 கன அடி என்பதால் ஒன்றரை யூனிட் சொல்லிவிடுங்கள், அமுங்கும். எம்-சாண்ட் வேண்டாம். பொடி கலந்த கூர்முனை மணல், ஒரு மழைக்கே சிமெண்ட் போல இறுகிவிடும். கழுவிய, மண் கலக்காத, 0.2 முதல் 2 மில்லிமீட்டர் உருண்டை மணல் கிடைக்காவிட்டால் மரத்தூள் அல்ல, மரச்சில்லு போடுங்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்ட நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் கழித்த கிளைகளைச் சில்லாக்கலாம். மக்கும், கரையான் வரும். ஆண்டுக்கு ஒருமுறை மேலே போடவேண்டும். மணல் என்றால் இரவில் தார்ப்பாய். இல்லாவிட்டால் தெருநாயும் பூனையும் அதைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும்.

கிரில் பட்டறையில் சொல்ல ஒரு எண்: கம்பிகளுக்கு நடுவே 89 முதல் 230 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளி கூடாது. பிள்ளையின் உடம்பு கால்வழியாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். பட்டறைக்காரர் பழக்கத்தில் விடும் 'நாலு இன்ச் கேப்' ஏறக்குறைய 102 மில்லிமீட்டர், சரியாக அந்த ஆபத்துக்குள் விழுகிறது. மூன்று இன்ச் என்று எழுதியே கொடுங்கள்.

வெயில் விஷயத்தில் ஹாலந்தைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. அங்கே இரும்புச் சறுக்கை வடக்குப் பார்த்து வைத்தால் சூடேறாது. சேலத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. எந்தத் திசையும் உதவாது. கறுப்பு ரப்பர் தரையும் கொதிக்கும். அதனால் முதல் செலவு மரம்: புங்கையோ வேம்போ. நிழல் விழும் இடம் தெரிந்த பிறகு சறுக்கு.

ஏற்காட்டில் சரிவே பாதி வேலையைச் செய்துவிடும். மலைச்சரிவின் மேலேயே சறுக்கைப் படுக்க வைத்தால் பக்கவாட்டில் விழ உயரமே இல்லை. சராசரிச் சாய்வு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. பக்கத்தில் ஏறிவரக் கல் படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் படியில் பாசி பிடிக்கும். மெருகேற்றாமல் கொத்திவிட்ட கல்லே போடுங்கள்.

ஹாலந்துக்காரர்கள் நடைபாதையின் 30 சென்டிமீட்டர் கற்களிலேயே எண் போட்டுப் பாண்டிக் கட்டம் பதிக்கிறார்கள். நம் பாண்டிக்கு அது இறுக்கம், 40 வையுங்கள். எனாமல் பெயிண்ட் நனைந்தால் வழுக்கும். இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவுங்கள்.

கடைசியாக, கிரானைட் பெஞ்சு. கோயில் மண்டபத் தரையில் வெட்டியிருப்பது போல ஆடுபுலிக் கட்டத்தை அதன் நடுவில் வெட்டச் சொல்லுங்கள்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கோடு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம், தண்ணீர் நிற்கும். காய் வாங்கி வைக்காதீர்கள், தொலையும். புளியங்கொட்டையும் சரளைக்கல்லும் அவர்களே கொண்டுவருவார்கள்.