கோமா கூட்டத்தின் நடுவில் தவறான கேலக்ஸியைப் பிடித்தேன்

உப்புவெளியில் வீட்டு மேசையில் ஒரு பழைய லேப்டாப், போன் டேட்டா, இவ்வளவுதான் என்னிடம் இருந்தவை. கேலக்ஸிக் கூட்டங்களின் நடுவே வீற்றிருக்கும் பெரிய கேலக்ஸிகள் ரேடியோ அலை வெளியிடுகின்றனவா என்று பார்க்க அதுவே போதும். இதில் இறங்க நினைப்பவர்கள் நான் தடுக்கி விழுந்த இடத்தில் தடுக்கி விழக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி 1990களில் 1.4 கிகாஹெர்ட்ஸில் எடுத்த என்.வி.எஸ்.எஸ். என்ற வான் அளவையின் படங்களும் பட்டியலும் இலவசம். நடுக் கேலக்ஸியின் ஆயங்களை, அதாவது வானில் அதன் இடத்தைச் சொல்லும் எண்களை, போட்டுத் தேடினால் அங்கே உள்ள ரேடியோ மூலங்கள் வரிக்கு ஒன்றாக வந்து விழும்.

முதலில் கோமா கூட்டத்தை எடுத்தேன். அங்கே நடுவில் ஒன்றல்ல, என்.ஜி.சி. என்ற வான்பொருள் பட்டியலில் 4874, 4889 என்று எண்ணிட்ட இரண்டு பெரிய கேலக்ஸிகள். 4874-ஐ மையமாக வைத்து 5 வில்நிமிட (ஒரு வில்நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஆரத்துக்குள் தேடி, வந்த வரிகளில் மிகப் பிரகாசமானதை எடுத்து, அதை வைத்து ரேடியோ ஆற்றலையும் கணக்கிட்டு முடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் வான்படங்களைப் பார்க்கும் அலாடின் மென்பொருளில் ஒளிப்படத்தின் மேல் ரேடியோ சமவரைகளை, அதாவது ஒரே அளவு பிரகாசமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, போட்டுப் பார்த்தேன். அந்தப் பிரகாசம் 4874 மேல் இல்லை! ஏறக்குறைய 4 வில்நிமிடம் தள்ளி, 4869 என்ற சாதாரணக் கேலக்ஸியிலிருந்து வாலாக நீண்டிருந்தது. கூட்டம் முழுக்க நிறைந்த சூடான வாயுவுக்குள் அது வேகமாக ஓடுவதால், உள்துறைமுகத்தில் ஓடும் வள்ளத்தின் புகை மாதிரி அதன் ஜெட்கள் (நடுவிலுள்ள கருந்துளைப் பக்கமிருந்து பீறிடும் தாரைகள்) பின்னால் இழுபடுகின்றன. 4874-க்கும் சொந்தமாக ரேடியோ உண்டு, ஆனால் அது பட்டியலில் வேறு வரி.

சரி, அப்புறம் அதே வி.எல்.ஏ. எடுத்த ஃபர்ஸ்ட் என்ற இன்னொரு அளவையின் படத்தை எடுத்தேன். என்.வி.எஸ்.எஸ்.ஸின் கூர்மை 45 வில்செக்கன் (வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு ஒரு வில்செக்கன்), ஃபர்ஸ்ட்டுக்கு 5; எண் சிறிதானால் படம் கூர்மை. இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது இதுதான். ஆனால் தொலைநோக்கியின் கிண்ண வடிவ ஆன்டெனாக்களை அகல விரித்து வைத்து எடுத்த படம் என்பதால், பரந்து மங்கிய வால் இதில் தவறிப்போகும். ஆகவே எந்தக் கேலக்ஸி என்பதற்கு ஃபர்ஸ்ட், மொத்தம் எவ்வளவு என்பதற்கு என்.வி.எஸ்.எஸ். என்று இரண்டையும் பாருங்கள்.

ஏபெல் 2199 என்ற இன்னொரு கூட்டத்தில் இந்தக் குழப்பமே வரவில்லை. நடுவில் என்.ஜி.சி. 6166, அதன் மேலேயே 3சி 338 என்ற ரேடியோ மூலம். பெர்சியஸ் கூட்டத்தில் என்.ஜி.சி. 1275-ம் அப்படித்தான். இரண்டு கூட்டங்களிலும் மையத்து வாயு அடர்ந்து குளிர்கிறது, கோமாவில் அப்படி இல்லை. குளிரும் வாயு நடுக் கேலக்ஸியின் கருந்துளைக்குத் தீனியாகிறது, அங்கிருந்து கிளம்பும் ஜெட்கள் சுற்றியுள்ள வாயுவைத் திரும்பச் சூடாக்குகின்றன. பெர்சியஸில் ஜெட்கள் குடைந்த குழிகள் சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்ப் படத்தில் அப்படியே தெரியும், அதன் மேல் ரேடியோ படத்தை வைத்தால் குழிக்குள் ரேடியோ நிறைந்திருக்கும். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போதெல்லாம் ஒளிப்படத்தில் பார்க்காமல் ஒரு வரியையும் குறிப்பதில்லை. கோமாவின் கணக்கைத் திருத்திவிட்டேன். அடுத்தது ஏபெல் 2052 கூட்டம், படம் இறங்கிக்கொண்டிருக்கிறது.