மீட்சியற்ற மோதல்: கணக்கை இரண்டாக வெட்டுங்கள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் மீட்சியற்ற மோதல், அதாவது இயக்க ஆற்றலில் ஒரு பகுதி வீணாகும் மோதல், என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு கணக்குதான். கயிற்றில் தொங்கும் 990 கிராம் மரக்கட்டை. 10 கிராம் குண்டு ஒன்று அதில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 5 செ.மீ. உயரம் எழுகின்றன. குண்டு வந்த வேகம் என்ன? துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் எழுதிய வழியும் இந்த ஊசல்தான்.

குண்டின் இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறியது என்று ஒரே வரியில் சமன்படுத்தினால் விநாடிக்கு 10 மீட்டர் என்று வரும். கொள்குறி வினாவில் இந்த 10-உம் ஒரு விடையாக நிற்கும், கவனம்! சரியான விடை 100. ஏனெனில் மோதும்போதே ஆற்றலின் பெரும்பகுதி போய்விடுகிறது.

ஆகவே கணக்கை இரண்டாக வெட்டுங்கள். மேலெழும் பகுதியில் ஆற்றல் மாறாது: புவியீர்ப்பு முடுக்கம் g = 10 என்று கொண்டால், மோதி முடிந்த கணத்தில் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். மோதும் அந்தக் கணத்தில் உந்தம் (நிறை × வேகம்) மாறாது: 1 கிலோ × 1 = 0.01 கிலோ × வேகம். ஊசல் எழத் தொடங்கியபின் உந்தத்தைத் தொடாதீர்கள். கயிற்றின் இழுவிசையும் புவியீர்ப்பும் அதை மாற்றிவிடும்.

மோதலுக்கு முன் 50 ஜூல், பின் வெறும் 0.5 ஜூல். 99 விழுக்காடு ஆற்றல் போன பிறகும் உந்தம் குறையவில்லையே, எப்படி? நான் நெடுநாள் யோசித்த கேள்வி இது. குண்டும் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசைகள் சமம், எதிரெதிர். அவை செயல்படும் நேரமும் ஒன்றே. அதனால் உந்த மாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் இரண்டும் கடக்கும் தொலைவு ஒன்றல்ல. குண்டு மரத்தைத் துளைத்துக்கொண்டு முன்னேறுகிறது. கட்டை மயிரிழைதான் நகர்கிறது. ஆற்றல் மாற்றம் என்பது விசை × தொலைவு. குண்டு இழந்ததில் கட்டைக்குக் கிடைத்தது சிறு பங்கே. மீதி மரம் கிழிவதிலும் வெப்பத்திலும் போய்விடுகிறது. இதை ஒருமுறை படம் வரைந்து பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

தேர்வுக்கு ஒரு குறுக்குவழி: ஓய்வில் இருக்கும் M நிறையில் m நிறை ஒட்டிக்கொண்டால், எஞ்சும் இயக்க ஆற்றலின் பங்கு m/(m+M). M-உம் நகர்ந்துகொண்டிருந்தால் இது செல்லாது. எதிர்த்திசை வேகத்துக்குக் கழித்தல் குறி போட்டு, உந்தங்களைக் கூட்டித்தான் தொடங்க வேண்டும்.